“ஒரே ரத்தம்” என்று சொன்ன சார்ஜன்

மலை மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற தானா ராத்தா டவுனில் ஒரு பாய் ரொட்டிக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பசியாற உட்கார்ந்திருப்பவர்கள், அந்தப் போலீஸ் சார்ஜன் உள்ளே வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். மாத்தா என்பதால் மட்டும் இல்லை. போலீஸ்காரர்களை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். டவுனில் மற்ற மாத்தாக்களும் இருந்தார்கள், அவர்களோடு எல்லாரும் சிரித்துப் பேசுவார்கள். இவரிடம் வாயைத் திறந்தால் ஒரு கேள்வி வரும். அதற்குத்தான் பயம்.

“இப்பதான் கல்லுலேருந்து எடுத்த ரொட்டி, சார்ஜன்” என்பார் பாய்.

“எடுத்தத நான் பாக்கலயே பாய்.”

“அப்ப பழசுன்னே வச்சுக்குங்க லா.”

“பழசுன்னும் பாக்கலயே.”

பாய் தலையில் அடித்துக்கொண்டு ரொட்டியை வைத்துவிட்டுப் போவார். இவர் சிரிக்காமல் பிய்த்துத் தின்பார். யார் என்ன சொன்னாலும் “பாத்ததா, கேட்டதா?” என்பார். மழை வரப்போகிறது என்றாலும் அதுதான். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி வீட்டில் சண்டை என்றாலும் அதுதான். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்போம்; அந்த லயத்துப் பிள்ளைகள் அதையே அவருக்குப் பேராக வைத்துவிட்டன. அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்றுதான் விடுகிறேன். தெரியாத இடத்தில் தன் பேர் அடிபடுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

ஆள் கறுப்பு, நல்ல உயரம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எதையும் தொட மாட்டார். நாற்காலி எடுத்துப் போட்டால், “இருக்கட்டும்மா” என்று நின்றுகொண்டே பேசுவார். மோட்டார் சைக்கிள் பெட்டியில் பழுப்புக் காகிதம் மடித்து வைத்திருப்பார். எதை எடுத்தாலும் அதில்தான் சுற்றுவார். பிளாஸ்டிக் பை ஆகாது. “பிளாஸ்டிக்ல வச்சா உள்ளுக்குள்ள வேத்துடும்” என்பார், ஏதோ கைக்குழந்தையைப் பற்றிச் சொல்வது போல. கீழே பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் எங்கள் பேச்சு அவருக்குப் புரியும். எதை மறைக்க எதைப் பேசுகிறோம் என்பதும் புரியும்.

ஒரு தடவை எங்கள் லயத்தில் ஒருத்தி, கோழி காணாமல் போனதற்கு அவரை மலை ஏற வைத்துவிட்டாள்.

“பக்கத்து வீட்டுக்காரிதான் திருடுனா ஐயா. நேத்து அவ வீட்ல கோழிக் குழம்பு வாசம்.”

“கோழிக் குழம்புன்னு வாசம் சொல்லுச்சு, சரி. உங்க கோழின்னு சொல்லுச்சா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கோழி கடைசிவரை கிடைக்கவில்லை, எடுத்தது யாரென்றும் அவர் சொல்லவில்லை. கண்டுபிடிக்கத் துப்பில்லாத மாத்தா என்று அவள் முகத்துக்கு நேரே ஏசினாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிப் போனார். தெரியாது என்று சொல்வதில் அந்த மனுஷருக்கு வெட்கமே கிடையாது. அதை நான் அன்றைக்கு வேடிக்கையாகத்தான் பார்த்தேன். என் வீட்டுக்கு வரும்போது அது வேடிக்கையாக இல்லை.

என் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது ஒரு சட்டைக்காக.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லோரி ஓட்டிய பையன் ஒருவன், காலையில் மேல் மலை ஓடையோரம் கழுத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தான். கொழுந்து எடுக்கப் போன பெண்கள் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். விதவைத் தாய்க்கு ஒரே மகன். முந்தின நாள்தான் அவன் லோரியில் என் தம்பி வளர்த்த நாய் அடிபட்டுச் செத்திருந்தது. “வேணும்னே ஏத்திட்டான். அவன வெட்டாம விட மாட்டேன்” என்று தம்பி நடு லயத்தில் நின்று கத்தியதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். என் தம்பிக்கு வேலை கவாத்து. தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிச் சீராக்குகிற வேலை. கவாத்துக் கத்தி எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. தம்பியைக் கையில் விலங்கு மாட்டி உட்கார வைத்தார்கள். அவன் இடது உள்ளங்கையில் ஒரு வெட்டு இருந்தது. கவாத்தில் பட்டது என்றான். கத்தியில் ஒன்றும் இல்லை. கவாத்துக்காரன் தினமும் கல்லில் தீட்டிக் கழுவுகிறவன். சட்டையைக் கேட்டார்கள்.

சட்டை பின்கட்டில் பேசினில் கிடந்தது. வலது கைப்பக்கமும் நெஞ்சிலும் கறை. அம்மா வாளியில் தண்ணீர் மொண்டு கையில் வைத்திருந்தாள். சார்ஜன் பின்வாசலில் நின்றபடியே சொன்னார்:

“தண்ணி ஊத்தாதீங்கம்மா.”

அம்மா வாளியைக் கீழே வைக்கவில்லை. “என் புள்ள சட்டைய நான் தொவைக்கிறேன். ஒனக்கு என்ன?”

“ஊத்திட்டா அது ஒண்ணும் சொல்லாதும்மா.”

“சொல்லாமலே போவட்டும்.”

“உங்க புள்ள பக்கம் சொல்றதா இருந்தா?”

வாளித் தண்ணீர் அம்மா காலிலேயே கொஞ்சம் சிந்தியது. நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

காலையில் பெய்த மழையில் சட்டை நனைந்திருந்தது. ஈரத்தோடு மடித்தால் ஒரு பக்கத்துக் கறை இன்னொரு பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், காகிதத்துக்குள் அழுகியும் போகும் என்றார். ஜீப்பிலிருந்த இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை இல்லை. “அப்படியே தூக்கிட்டு வாய்யா” என்று மலாயில் சத்தம் போட்டார். இவர் சட்டையை விட்டு நகரவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் தம்பியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இவர் சட்டையோடு என் வீட்டில் தங்கினார்.

எங்கள் மலையில் மழைக்காலத்தில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காய வைப்போம். நான் அந்தக் கொடியைக் காட்டினேன்.

“சூடு படக் கூடாது தங்கச்சி. பொகையும் படக் கூடாது. இன்னிக்கு அடுப்பு மூட்டாம இருக்க முடியுமா?”

அடுப்பு மூட்டவில்லை. அடுப்படியில் குறுக்கே புதுக் கயிறு கட்டி, கறை படாத ஓரத்தை மட்டும் பிடித்து அதை விரித்துத் தொங்கவிட்டார். கீழே காகிதம் விரித்தார். முக்காலி ஒன்றில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து போனது. சட்டையில் காற்றுப் பட்டுக் கை ஆடும்போதெல்லாம் அம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. நாங்கள் பட்டினி. அவரும் பட்டினி. பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியை அவர் தொடவில்லை.

“என் புள்ளைய தூக்குல போட நீ சட்டைய காய வைக்கிற. அதுக்கு நான் அடுப்ப அணைச்சு வைக்கணும்” என்றாள் அம்மா.

“இது என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாம எதுக்கு ஒக்காந்திருக்க?”

“தெரியாததுனாலதாம்மா.”

சாயங்காலம் சட்டை காய்ந்தது. மடிப்புக்கு நடுவே காகிதம் வைத்துச் சுற்றி, அரக்கு வைத்து, எங்கள் முன்னாலேயே மூடினார். போகும்போது, “இப்ப அடுப்பு மூட்டிக்குங்க” என்றார். அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சட்டை கோலாலம்பூருக்கோ எங்கேயோ, ரத்தம் பார்க்கிற ஆபீசுக்குப் போனது. பல மாதம் தம்பி உள்ளே கிடந்தான். பிறகு தானா ராத்தா கோர்ட்டில் முதல் விசாரணை. இங்கே கேஸ் தேறினால் பெரிய கோர்ட்டுக்குப் போகும். அங்கே தேறினால் தூக்கு. தோட்டத்து லோரியில் பாதி லயம் ஏறி வந்து வராந்தாவில் நின்றது. செத்த பையனின் தாயும் ஒரு தூணோரம் முக்காடு போட்டு நின்றாள்.

ஆபீசிலிருந்து வந்த தாளைப் படித்தார்கள். சட்டையில் இருப்பது மனித ரத்தம். அதிலே பி என்கிற வகை. செத்தவனுக்கும் பி. என் தம்பிக்கும் பி. கறை யாருடையது என்று அதற்கு மேல் பிரிக்க அந்தக் காலத்தில் வழி இல்லை.

சார்ஜனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். சர்க்கார் தரப்பு ஆள் இவரிடம் சுற்றிச் சுற்றி வந்தார். கோர்ட்டில் தமிழில் சொல்லுகிற ஆள் எங்களுக்காக அதைத் திருப்பிச் சொன்னார்.

“அந்தக் கை வெட்டு, சண்டையில் பட்டதுதானே?”

“வெட்டைப் பார்த்தேன். பட்டதைப் பார்க்கவில்லை.”

“உங்கள் அனுபவத்தில் என்ன நினைக்கிறீர்கள்? அது செத்தவனின் ரத்தம்தானே?”

“அவனுடையதாக இருக்கலாம். இவனுடையதாகவும் இருக்கலாம். தாள் அதற்கு மேல் சொல்லவில்லை.”

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. இவர் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் என் தம்பி போயிருப்பான். சொல்லவில்லை. சாட்சியம் போதாது என்று தம்பியை விட்டுவிட்டார்கள். குற்றமில்லை என்று சொல்லி விடவில்லை. போதாது என்று விட்டார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வராந்தாவில் அம்மா ஓடிப்போய் இவரை மறித்தாள். “என்னய்யா ஆச்சு? ஏன் விட்டாங்க?”

அவருக்கு வேறு கேஸ் காத்திருந்தது. நடந்துகொண்டே சொன்னார்: “ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்மா. அதனால விட்டுட்டாங்க.”

வாழ்நாளில் அவர் யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

லோரி மலை ஏறித் தோட்டம் வந்து சேருவதற்குள் அந்த வார்த்தைக்குக் கை கால் முளைத்துவிட்டது. ஒரே ரத்தம் என்றால் எங்கள் பேச்சில் என்ன அர்த்தம்? ஒரு தகப்பன் பிள்ளைகள் என்று அர்த்தம். “அண்ணன் தம்பி தகராறுன்னுதான் கோர்ட்டே விட்ருச்சாம்” என்று ஒருவன். “அதான் ரெண்டு பேருக்கும் மூக்கு ஒண்ணு போல இருக்கு” என்று இன்னொருவன். எங்கள் அப்பா செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி இல்லை; ஆனால் கங்காணி எழுந்து நின்று பேசுகிற மனுஷர். செத்த பையனின் தாயை நான் மரியாதைக்குச் சின்னம்மா என்று கூப்பிடுவேன். “அதான் அப்பவே இவ அவள சின்னம்மான்னு கூப்பிட்டா” என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. நான் குடத்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டாள். எத்தனை பேரைப் பார்த்துக் குனிய வைப்பது?

மகனைப் பறிகொடுத்தவளுக்கு மேலே இந்தச் சேறு. அவள் வெளியே தலை காட்டவில்லை. என் அம்மா சாமி மாடத்திலிருந்து அப்பா படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

“நீயும் நம்புறியாம்மா?”

“சர்க்கார் சொல்லியிருக்கே. சும்மா சொல்லுவாங்களா?”

மறுநாள் வேலைக்குப் போகாமல் தானா ராத்தா டேசனுக்கு நடந்தேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். “ஒரே ரத்தம்னு சொன்னீங்களே ஐயா, அது நீங்க பாத்ததா, கேட்டதா?” என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவை வைத்துவிட்டார். காதுவரை சிவந்துபோனது போல இருந்தது, அந்தக் கறுப்பு முகத்திலும்.

“நான் குரூப்பத்தான் சொன்னேன் தங்கச்சி.”

“எங்க ஆளுக்கு குரூப்பு தெரியாது. ரத்தம்தான் தெரியும்.”

ஓரிரண்டு நாளில் காலைப் பெரட்டுக்கு வந்துவிட்டார். பெரட்டு என்பது வேலைக்கு ஆள் கூப்பிடுகிற கூட்டம். தோட்டமே அங்கே நிற்கும். காயத்துக்கு மருந்து கட்டுகிற ஆஸ்பத்திரி டிரெசரையும் கூட அழைத்து வந்திருந்தார். மேசை போட்டு, வெள்ளை ஓடு ஒன்றை வைத்தார்கள். அவர்கள் வந்த ஜீப்பின் மலாய்க்கார டிரைவர் விரலில் குத்தி ஒரு சொட்டு. மளிகைக் கடை முதலாளி, சீனன் தவுக்கே, சாமான் இறக்க வந்திருந்தான். அவன் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினான். வேலையை மேற்பார்க்கிற மண்டோருக்கு ஒரு சொட்டு. மருந்து விட்டு ஆட்டிப் பார்த்து டிரெசர் சொன்னார், டிரைவரும் தவுக்கேயும் பி, மண்டோர் ஓ.

“எனக்கும் பி” என்றார் சார்ஜன். “ஒரே ரத்தம்னா ஒரு தகப்பன் புள்ளன்னா, இவங்க ரெண்டு பேரும் நானும் அந்தப் பெரியவரு புள்ளைங்கதான். ஒத்துக்கிறீங்களா?”

பின்னால் நின்ற கவாத்துக் கிழவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்க பங்காளி” என்றார். பெரட்டுக் களமே சிரித்தது. தவுக்கேவுக்கு யாரோ விளக்கிச் சொல்ல, அவன், “அப்ப எனக்கு நெலத்துல பங்கு உண்டா லா?” என்று கேட்டான். அதற்கும் சிரித்தார்கள். அப்பா பேரில் விழுந்த கறை அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது. அம்மா அன்றைக்கே படத்தைத் திருப்பி மாட்டினாள்.

சிரிக்காமல் ஒருத்தி நின்றாள், செத்த பையனின் தாய். சார்ஜன் அவளிடம் நேரே போய்க் கைகூப்பினார். “நான் சொன்ன வார்த்த தப்பும்மா. மன்னிச்சுக்குங்க.”

“வார்த்தைய விடுங்க. என் மகன யாரு வெட்டுனா?”

“தெரியலம்மா.”

அந்த இடத்தில்தான் நான் முன்னே போனேன். “என் தம்பி இல்லன்னு சொல்லுங்க ஐயா. இப்ப எல்லாரும் இருக்காங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

என்னைப் பார்த்தார். தம்பி கவாத்துக்காரர்களோடு தள்ளி நின்றிருந்தான், அவனையும் பார்த்தார்.

“தெரியாதத எப்படி தங்கச்சி சொல்றது?”

செத்த மனுஷனான என் அப்பாவுக்காக மலை ஏறி வந்தவர், உயிரோடு நிற்கிற என் தம்பிக்கு ஒரு வார்த்தை தர மாட்டேன் என்கிறார். கோர்ட்டில் அவனைக் காப்பாற்றிய அதே வாய். அதன் பிறகு வருஷக்கணக்கில் அவரைக் கண்டால் நான் தெருவுக்கு அந்தப் பக்கம் போனேன். பாய் கடையில் அவர் உட்கார்ந்திருந்தால் உள்ளே போக மாட்டேன்.

தம்பி உயிரோடு இருந்தான், அவ்வளவுதான். கவாத்தில் அவன் கத்தி எடுத்தால் பக்கத்து ஆள் கொஞ்சம் தள்ளிக்கொள்வான். பெண் கேட்டுப் போன இடங்களில் காப்பி கொடுத்து, ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். ஜாதகத்தை நாங்கள் கொடுத்தே இருக்க மாட்டோம். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் கேட்டதில்லை. சட்டை கோர்ட்டிலிருந்து திரும்பி வந்தது. கொண்டு வந்து கொடுத்தவர் சார்ஜன்தான். “தொவைக்காம வச்சிருங்க” என்றார். அம்மா அதைக் காகிதத்தோடு டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அம்மா போன பிறகும் அது அங்கேயே கிடந்தது. பெட்டியைத் திறக்க வேண்டி வந்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறப்பேன்.

எண்பதுகள் பாதிக்கு மேல் ஓடிய பிறகு ஒரு நாள் அவர் மலை ஏறி வந்தார். சாதாரணச் சட்டை, தலை நரைத்திருந்தது. நாற்காலி போட்டேன். உட்கார்ந்தார், என் வீட்டில் சட்டை காய வைத்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் உட்கார்ந்தார்.

“வேலையிலேருந்து எறங்கப் போறேன் தங்கச்சி. அதுக்கு முன்னாடி ஒரு விசயம். வெளிநாட்டுல புதுசா ஒரு சோதனை வந்திருக்கு. டி.என்.ஏ.ன்னு சொல்றாங்க. காஞ்ச கறை போதுமாம். யாரு ரத்தம்னு ஆள் பிரிச்சுச் சொல்லிடுமாம். கூடப் பொறந்தவங்களுக்குள்ளயே வேற வேறயாம்.”

“இங்க வந்துருச்சா?”

“இன்னும் வரல. வரும்ங்கிறாங்க. கேட்டதுதான், நான் பாக்கல.”

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“செத்தவரு துணி இன்னும் டேசன்லதான் இருக்கு, கேஸ் முடியாததுனால. இந்தச் சட்டையும் அதோட முத்திரை வச்சு இருந்தா, சோதனை வர்ற காலத்துல யாராச்சும் எடுத்துப் பாக்கலாம். பொட்டியில கெடந்தா பூஞ்சை தின்னுடும். ஆனா உங்க தம்பி தன் கையால கொடுக்கணும். நான் கேட்டு வாங்க முடியாது.”

“அது இவன்தான்னு சொல்லிட்டா?”

“மறுபடி கேஸ் எடுப்பாங்க. தூக்கு வரைக்கும் போகும். அதையும் சொல்லிட்டுத்தான் கேக்கறேன்.”

அவர் போன பிறகு நான் தம்பியிடம் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. கொழுந்து எடுக்கிற கை அது பாட்டுக்கு எடுத்தது. மனசு அந்தப் பெட்டியிலேயே கிடந்தது. சொல்லாமல் விட்டால் இப்படியே காலம் போய்விடும். அவன் உயிரோடு இருப்பான். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் முடிந்துவிடும். அம்மா கையில் பிடித்திருந்த அந்த வாளி என் கைக்கு வந்துவிட்டது போல இருந்தது.

கடைசியில் அவன் கத்தி தீட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தூக்கையும் சேர்த்து.

அவன் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. “சட்ட எங்க இருக்கு?”

“டிரங்குல.”

“எடுத்து வை.”

“யோசிச்சுச் சொல்றா.”

“யோசிக்க என்னக்கா இருக்கு? அதான் நீ இத்தன வருசமா யோசிச்சுக்கிட்டே இருந்தியே.”

கத்தியின் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான், “வீட்ல வச்சு வேணாம். பெரட்டுல வந்து வாங்கிக்கச் சொல்லு.”

அவர் வந்தார். பனி விலகாத காலை. பழைய ஆட்கள் பாதிப் பேர் மாறியிருந்தார்கள், ஆனாலும் கதை தெரியாதவர்கள் யாரும் இல்லை. தம்பி பொட்டலத்தை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் நடுவில் நடந்துபோய் நீட்டினான். சார்ஜன் புதுக் காகிதத்தை விரித்து, அதற்குள் பழைய பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துச் சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். தம்பி கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கு நான் என் பேரை எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் எழுத வரும்; அவர் காத்திருந்தார். முத்திரை வைத்தாயிற்று, இனிமேல் அது என் கையில் இல்லை.

பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற ஆயாக் கொட்டகையிலிருந்து அந்தத் தாய் இறங்கி வந்தாள். கிழவியாகிவிட்டாள். கூட்டம் வழி விட்டது.

“இது எப்பய்யா தெரியும்?” என்று சார்ஜனைக் கேட்டாள்.

“தெரியாதும்மா. நீங்களும் நானும் இருக்கற காலத்துல தெரியுமான்னே தெரியாது.”

அவள் தலையாட்டினாள். பிறகு என் தம்பி பக்கம் திரும்பினாள். அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“நீ வெட்டுனியா?”

கொழுந்துக் கூடைகளின் உராய்வுச் சத்தம்கூட நின்றுவிட்டது.

“இல்ல சின்னம்மா. நாய்க்காகக் கத்துனேன். வெட்டல.” கொஞ்சம் நிறுத்தி, “இத்தன வருசத்துல நீங்கதான் கேட்டீங்க” என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மண்டோர் செருமினார்.

“தாளு வர்ற வரைக்கும் காத்திருக்க எனக்கு வயசில்ல” என்றாள். “என் வீட்டுத் தகரம் ஒழுகுது. சொன்னா ஒருத்தனும் வரமாட்டேங்கறான். நீ வந்து பாரு.”

வேறு ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்கு ஏறிப் போனாள். தம்பி மண்டோரைப் பார்த்தான். மண்டோர் போ என்று கையை ஆட்டினார்.

சார்ஜனை வழியனுப்ப நான் பஸ் நிற்கிற முக்கு வரை போனேன். பொட்டலத்தை மழைக்கோட்டுக்குள் அணைத்துப் பிடித்திருந்தார். அந்தப் பொட்டலம் என்ன சொன்னது என்று இன்றுவரை எனக்கு ஒரு சேதியும் வந்ததில்லை. அவர் சொன்ன சோதனை இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் அவர் உயிரோடு இல்லை. அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. தம்பி இல்லைதானே என்று அவரை ஒரு வார்த்தை கேட்கலாமா என்று எனக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தூறல் விழுந்தது. மேலே லயத்துப் பக்கமிருந்து தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. நிற்கும், மறுபடி கேட்கும். டவுன் பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். அவர் ஏறவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சத்தம் ஓயும் வரை மழையில் நின்றோம்.